அரூப ஓவியமும் வீட்டுச் சுவரின் பாசியும்: மார்த்தாண்டத்திலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மருத்துவமனை ஒன்றின் காத்திருப்பு அறையில், சதுரங்களும் வண்ணக் கறைகளுமாக இருந்த ஓர் அச்சுப் படத்தின் எதிரே அவர் முக்கால் மணி நேரம் உட்கார நேர்ந்ததாம். இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகினால் வீட்டுச் சுவரில் படர்ந்த பாசிகூடப் புதிதாகத் தெரியும் என்று உடன் வந்த நண்பர் சொன்னாராம். "எதையும் காட்டாத ஒரு படத்தைப் பார்ப்பதால், கண்ணெதிரே இருக்கும் பொருளை எப்படி நன்றாகப் பார்க்க முடியும்? இது உண்மையா, படித்தவர்களின் பாவனையா? உண்மையென்றால், பெரிய ஓவியக்கூடம் எதுவும் இல்லாத நம் குமரி மாவட்டத்தில் ஒருவர் எங்கிருந்து தொடங்குவது?" என்பவை அவருடைய கேள்விகள்.

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன். நண்பர் சொன்னது பெரும்பாலும் உண்மை. ஆனால் அது தானாக நிகழ்வதில்லை. நாம் ஒரு பொருளின் பெயரை அறிந்தவுடன் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். எந்தப் பொருளையும் உருவமாகக் காட்டாத அரூப ஓவியத்தில் சொல்வதற்குப் பெயர் எதுவும் இல்லாததால், கண் வேறு வழியின்றிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவதும் கொண்டுவராததும் பார்ப்பவருடைய பொறுப்பு.

பெயர் பார்வையை எப்படி மறைக்கிறது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது நாகர்கோவிலில் நின்று, திருவனந்தபுரத்துக்குச் செல்லும் பேருந்துகளின் மலையாளப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1956 நவம்பர் 1ஆம் நாள் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் பள்ளியில் படித்தவர் என்பதால் என் தந்தைக்கு மலையாளம் சரளமாக வாசிக்க வரும். அவருக்கு அந்தப் பலகை ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. எனக்கோ அது வளைந்து தம்மையே சுற்றிக்கொள்ளும் சுழிகளின் வரிசை. எந்தச் சுழி தடித்திருக்கிறது, எது பக்கத்துச் சுழியோடு இடிக்கிறது, பலகை எழுதியவர் எந்த இடத்தில் தூரிகையை எடுத்து மறுபடி வைத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது, தந்தைக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதில் நானும் மலையாளம் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அதன்பின் அந்தச் சுழிகளைக் காண எவ்வளவு முயன்றாலும், ஊர்ப்பெயர்தான் முந்திக்கொண்டு வந்து நின்றது.

கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதுதான் அந்தச் சுழிகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. கோயம்புத்தூரில் 1911இல் பிறந்த பணிக்கர், சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்; 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 'சொற்களும் குறியீடுகளும்' என்று அழைக்கப்படும் அவருடைய ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. ஜாதகக் கட்டங்களையும் கணிதக் குறிகளையும் நினைவூட்டும் வடிவங்கள், நெருக்கமாக எழுதப்பட்ட வரிகள், இடையிடையே பறவை, மீன், மனிதத் தலை என்று தோன்றும் கோடுகள் ஆகியவற்றால் நிறைந்த பரப்புகள் அவை. எழுத்து மலையாளம்போல் இருக்கும். வாசிக்கப் போனால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததாலேயே ஒவ்வொரு கோட்டின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பார்க்க வேண்டியவராகிவிடுகிறோம். கூடத்தை விட்டு வெளியே வந்து பேருந்து ஏறியபோது, எனக்கு வாசிக்கத் தெரிந்த அதே பலகைகளில் பழைய சுழிகள் சில நொடிகள் தெரிந்தன. இந்தச் சிறிய அனுபவம்தான் உங்கள் கேள்விக்கு நான் அளிக்கக்கூடிய முதல் சாட்சியம்.

அரூப ஓவியத்தின் வரலாற்றிலேயே இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதுவும் நாஞ்சில் நாட்டார் நன்கு அறிந்த ஒரு பொருளைச் சுற்றி. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890, 1891 ஆண்டுகளில் வயலில் நின்ற வைக்கோற்போர்களைக் காலை, மாலை, பனி, வெயில் எனப் பல பொழுதுகளில் சுமார் 25 ஓவியங்களாகத் தீட்டினார். அவற்றில் ஒன்று 1896இல் மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அங்கே சட்டம் படித்து ஆசிரியப் பணிக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாஸிலி காண்டின்ஸ்கி அதைப் பார்த்தார். அது வைக்கோற்போர் என்பதை விவரப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகவும், பொருளை அடையாளம் காண முடியாதது சங்கடத்தைத் தந்ததாகவும், இருந்தும் அந்தப் படம் நினைவிலிருந்து அகலவில்லை என்றும் பின்னாளில் அவர் எழுதினார். அதே நினைவுக்குறிப்பில் இன்னொன்றையும் சொல்கிறார். ஒருநாள் அந்தி வேளையில் மியூனிக் நகரத்து ஓவிய அறைக்குத் திரும்பியபோது, உள்ளிருந்து ஒளிர்வதுபோன்ற ஓர் அழகிய படத்தைக் கண்டு திகைத்து நின்றாராம். அருகே சென்றபோது அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்ட தம் சொந்த ஓவியமே என்று தெரிந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில், படத்தில் இருந்த பொருள்கள் அடையாளம் தெரிந்துவிட்டதால், அந்த ஈர்ப்பு முழுமையாகத் திரும்ப வரவில்லை.

கும்பப்பூ அறுவடை முடிந்த மாசி மாதத்தில் பூதப்பாண்டிப் பக்கமோ தோவாளைப் பக்கமோ சென்றால் வைக்கோற்படப்புகளைக் காணலாம். இயந்திர அறுவடை வந்தபின் அவை குறைந்துவிட்டன என்பது வேறு. 'படப்பு' என்று சொல்லிவிட்டால் அதைக் கடந்துபோய்விடலாம். சொல்லாமல் நின்றால், காலையில் அதன் கிழக்குப் பக்கம் பொன்னாகவும் மேற்குப் பக்கம் நீலம் கலந்த சாம்பலாகவும் இருப்பது தெரியும். மழையும் பனியும் பட்ட மேற்பரப்பு மங்கியிருக்க, மாட்டுக்குப் போட உருவி எடுத்த இடத்தில் மட்டும் ஒரு குழி விழுந்து, உள்ளே புதிய வைக்கோலின் மஞ்சள் பளிச்சென்று வெளிப்படும். எங்கள் வீட்டுப் படப்பிலும் தினமும் அந்தக் குழி இருந்தது. நாற்பது வயது வரை நான் அதன் நிறத்தைக் கவனித்ததில்லை.

பெயர் போனபின் மிஞ்சுவது என்ன என்று கேட்டால், உறவுகள் என்றுதான் சொல்ல வேண்டும்: ஒரு நிறத்துக்கும் அதன் அண்டை நிறத்துக்கும், ஒரு விளிம்புக்கும் அதற்கு அப்பால் உள்ள வெற்றிடத்துக்கும், ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே உள்ள உறவுகள். இவற்றுள் நிறத்தின் உறவை முறையாக ஆராய்ந்தவர் ஓவியர் அல்லர், ஒரு வேதியியலாளர். பாரிஸிலிருந்த கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற செவ்ரல் என்பவரிடம், அங்கே தோய்க்கும் கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்று புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகே நெய்யப்பட்டபோதுதான் அந்தக் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் விதத்தை விளக்கி அவர் எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது. பின்னர் ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950 முதல் 1976இல் தாம் இறக்கும் வரை, சதுரத்துக்குள் சதுரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டி இதையே கண்ணுக்குக் காட்டினார். நீங்கள் மருத்துவமனையில் பார்த்த அச்சுப் படம் அந்த வகையைச் சேர்ந்ததாகவோ அதைப் பார்த்துச் செய்ததாகவோ இருக்கக்கூடும்.

துணிக்கடையில் சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்திப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும் இந்த விதி புதிதல்ல. குழல்விளக்கின் கீழே பொருந்திய துணியை நம்பாமல், கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் சேலையின் மேல் வைத்துப் பார்க்கிறார்களே, அது செவ்ரலின் சோதனைதான். ஆனால் துணி எடுத்து முடிந்ததும் அந்தக் கண் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. ஆல்பர்ஸின் சதுரங்களை நிதானமாகப் பார்த்தவருக்கு அது ஓய்வெடுக்காமல் இன்னும் கொஞ்சதூரம் கூட வரும். பழக்கடையில் ஏத்தன் வாழைக்குலையும் சிவந்த செந்துளுவன் குலையும் அருகருகே தொங்கும்போது மஞ்சள் கூடுதலாகப் பச்சையோடுவதையும், செந்துளுவனை விற்றுவிட்ட பிறகு அதே ஏத்தன் சாந்தமாகிவிடுவதையும் அது கண்டுகொள்ளும். குலைகளை அப்படித் தொங்கவிட்ட கடைக்காரருக்கு வேறு காரணம் இருந்திருக்கும். அதனால் ஒன்றும் குறைவில்லை.

உறவுகளைப் பார்ப்பதற்கு நம் மாவட்டத்தில் நான் அறிந்த மிகச் சிறந்த இடம் மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பகுதியின் கடற்கரை. அங்கே மணல் ஒரே நிறமாக இருப்பதில்லை. வெளிர்மணலின் மேல் கருமையும் செம்மையும் பட்டைகளாக, மெல்லிய கோடுகளாக, சில இடங்களில் புகை படிந்ததுபோலப் படிந்து கிடக்கும். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், சிவந்திருப்பது கார்னெட், இவற்றோடு சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகிய கனிமங்களும் கலந்திருக்கின்றன. வெண்மணலான குவார்ட்ஸ் நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு கனமானது. இல்மனைட்டோ சுமார் 4.7 மடங்கு. மேலேறும் அலை எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. வலுக்குறைந்து திரும்பும் நீர் கனமற்றதை இழுத்துச்செல்கிறது, கனமானது தங்கிவிடுகிறது. ஆகவே அந்த ஒவ்வொரு கோடும் ஓர் அலை எங்கே தளர்ந்தது என்பதன் பதிவு.

இந்த விளக்கம் தெரியாத காலத்திலும் நான் அந்தக் கரையில் நடந்திருக்கிறேன், விளக்கம் தெரிந்த பிறகும் நடந்திருக்கிறேன். இரண்டிலும் மணலை உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. முன்பு அது 'கறுப்பு மணல்', பின்பு 'இல்மனைட்'. நஸ்ரின் முகம்மதியின் கோட்டுச் சித்திரங்களை அறிந்த பிறகே அது மாறியது. கராச்சியில் 1937இல் பிறந்து, 1972 முதல் பரோடாவில் ஓவியம் கற்பித்து, 1990இல் மறைந்த அவர், பென்சிலாலும் மையாலும் பெரும்பாலும் நேர்கோடுகளைக் கொண்டே வரைந்தவர். கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் மயிரிழை அளவில் கூடுவதையும் குறைவதையும் தவிர அப்படங்களில் நிகழ்ச்சி என்று ஏதுமில்லை. அவர் நிழற்படங்களும் எடுத்தார். கடற்கரை மணல், நடைபாதை, தறியில் இழுத்துக் கட்டிய நூல் எனச் சாதாரணமான பொருள்களே அவற்றில் இருக்கும். உயிரோடிருந்தவரை அந்தப் படங்களை அவர் காட்சிக்கு வைக்கவே இல்லை. கோட்டுச் சித்திரத்தையும் மணல் படத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண் தங்குதடையின்றிப் போய்வருவதை உணரலாம். சின்னவிளையில் அதற்குப்பின் நான் கோடுகளை எண்ணுவதை விட்டு, அவற்றின் இடைவெளிகளைப் பார்த்தேன். நீர் வடியும் பக்கம் கோட்டின் விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தது. கிளிஞ்சல் ஒன்று கிடந்தால் அதன் பின்னால் கருமணல் ஒரு வாலைப்போல் நீண்டிருந்தது. இந்த மணலை அள்ளுவது குறித்த வழக்குகளும் வருத்தங்களும் நமக்கு உண்டு. அவை வேறொரு பதிலுக்கு உரியவை.

கடலையே எடுத்துக்கொண்டாலும் இப்படித்தான். மொந்திரியான் என்ற டச்சு ஓவியர் 1914, 1915 ஆண்டுகளில் டோம்பர்க் கடற்கரையில் நின்று, கடலையும் அதற்குள் நீட்டிக் கட்டப்பட்ட மரப்பாலத்தையும் குறுகிய கிடைக்கோடுகளாகவும் நெடுக்கைக் கோடுகளாகவும் சுருக்கினார். கூட்டல், கழித்தல் குறிகளைத் தூவியதுபோலிருக்கும் அந்தப் படங்களை முதலில் பார்ப்பவர் இதில் கடல் எங்கே என்றுதான் கேட்பார். முட்டத்துப் பாறைமேல் நண்பகலில் உட்கார்ந்து பார்த்தால் விடை கிடைத்துவிடும்: வெயிலில் கடல் சிறு சிறு கிடைக்கீற்றுகளாக உடைந்து மின்னுகிறது, கரைக்கு நெருங்க நெருங்கக் கீற்றுகள் நீள்கின்றன.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் எழுகிறது. கடலைப் பார்க்க மீனவருக்கு மொந்திரியான் வேண்டுமா? வேண்டாம். நீரின் நிறத்தையும் நெளிவையும் கண்டே நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடும் கண்கள் இந்தக் கரையில் ஏராளம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர், பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பதை விடியற்கால இருட்டில் தலைவிளக்கின் வெளிச்சத்தில் மில்லிமீட்டர் பிசகாமல் காண்கிறார். தோவாளையில் வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் பச்சை நொச்சி இலையையும் மடித்துத் தட்டையாகத் தொடுக்கும் மாணிக்கமாலை, 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் கட்டுபவரின் விரல்களுக்குக் கட்டங்களின் கணக்கைப் பற்றி எந்த ஓவியரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மார்கழியில் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இடும் பெண்களும் அப்படியே. உருவமில்லாத வடிவம் நமக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவது அறியாமை.

ஆனால் தொழிலின் கண் பயனோடு கட்டுண்டது. அது தனக்கு வேண்டியதைக் கூர்மையாகக் காண்பதற்காகவே மற்றதையெல்லாம் விலக்கிவிடுகிறது. கேரளக் கரையிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, அதன் தடம் பற்றி வந்து, 1909இல் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்ட ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க்கின் கண் அபாரமானதுதான்; எரிவாயு விளக்கின் வலைக்குத் தேவைப்பட்ட தோரியத்தை அது அந்த மணலில் கண்டது, மணலின் கோட்டைக் காணவில்லை. பால்வெட்டுகிறவருக்குப் பட்டையின் ஆழம் தெரியும். பல ஆண்டு வெட்டுகளால் மரத்தில் சாய்வாகப் படிந்த தழும்புகளின் நிறவரிசையை அவர் நின்று பார்க்க நேரமும் கிடையாது, அவசியமும் கிடையாது. அரூப ஓவியம் பழக்குவது பயன் கருதாத பார்வையை. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் வேறு என்பதே என் கருத்து.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் மிகைப்படுத்துவோர் அதிகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒரு ஓவியத்தின் முன் ஒருவர் நிற்கும் நேரத்தின் இடைநிலை அளவு 17 நொடிகள் என்றது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் 2007இல் ஓவியர்களின் கண்ணசைவையும் மற்றவர்களின் கண்ணசைவையும் ஒப்பிட்டபோது, மற்றவர்கள் மனிதர்களையும் பொருள்களையும் தேடிச் செல்ல, ஓவியர்களின் கண் படத்தின் கட்டமைப்பிலும் வெற்றிடங்களிலும் கூடுதலாக உலவியது தெரிந்தது. மருத்துவ மாணவர்களுக்கு ஓவியம் பார்க்கப் பயிற்சி கொடுத்தபோது நோய்க்குறிகளைக் கவனிக்கும் திறன் கூடியதாக யேல் பல்கலைக்கழகத்தின் 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இதை அரூப ஓவியத்துக்குச் சான்றாகப் பலர் காட்டுகிறார்கள். அது சரியல்ல, அங்கே பயன்படுத்தப்பட்டவை மனிதர்களும் நிகழ்ச்சிகளும் கொண்ட ஓவியங்கள். மாறாக, கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அரூப ஓவியத்தைப் பார்த்தவர்கள் அதைத் தூரத்து ஊருக்கும் தூரத்து நாளுக்கும் உரியதாக எண்ணும் போக்கு தென்பட்டது. அதாவது அரூப ஓவியம் மனத்தை அண்மையிலிருந்து விலக்கியும் கொண்டுபோகலாம். அதனால்தான் தொடக்கத்தில் இது தானாக நிகழ்வதில்லை என்றேன். ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஆகாயத்தில் மிதக்கிறவர்களும் உண்டு. அங்கிருந்து இறங்கிவந்து சுவரைப் பார்ப்பதைத் தனியே பழக வேண்டும்.

இன்னொரு தவறான பாதையும் இருக்கிறது. அதில் நானே மாணவர்களை நடத்தியிருக்கிறேன். ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அழைத்துச் சென்றேன். ஏறக்குறைய 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடக்கும் அந்தப் பாலத்தை எல்லோரும் மேலேறி நடந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கீழே இறங்கி, வரிசையாக நிற்கும் தூண்களுக்கு இடையிலிருந்து பார்த்தோம். ஒரு தூணில் நீர் கசிந்து உண்டான கறையைக் காட்டி, "சார், இது மாடர்ன் ஆர்ட் மாதிரி இருக்கு" என்றான் ஒரு பையன். நான் மகிழ்ந்து தட்டிக்கொடுத்தேன். திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் மாடர்ன் ஆர்ட்டைக் கண்டுபிடித்துக்கொண்டே வந்தார்கள்: தகரக் கதவில் ஒன்று, உரிந்த சுவரொட்டியில் ஒன்று, தேநீர்க் கடையின் மேசையில் ஒன்று. அன்றிரவு யோசித்தபோதுதான் தவறு புரிந்தது. 'கறை' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மாடர்ன் ஆர்ட்' என்ற பெயரை ஒட்டியிருந்தோம். பெயர் கிடைத்ததும் பார்வை அங்கேயும் நின்றுவிட்டது. அந்தக் கறை எங்கே தொடங்கி எந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்தது என்று கேட்டிருந்தால், தட்டிக்கொடுத்த எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

இனி, எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. கைப்பேசியில் படங்களைப் பார்ப்பது அறிமுகத்துக்குப் போதும், பழக்கத்துக்குப் போதாது. தம் பெரிய ஓவியங்களைப் பதினெட்டு அங்குலத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ஓவியர் ரோத்கோ சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய நிறப்பரப்பு உள்ளங்கை அகலத் திரையில் ஒரு தபால்தலை ஆகிவிடுகிறது. உருளையாலும் தட்டைக் கத்தியாலும் நிறத்தை ஏற்றியும் சுரண்டியும் இந்திய ஓவியர் கெய்தொண்டே உண்டாக்கிய மேற்பரப்பும் திரையில் தெரியாது. நமக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சென்று அன்றே திரும்பிவிடலாம். அங்குள்ள அருங்காட்சியக வளாகத்தில், சித்ரா கலைக்கூடத்தோடு, பணிக்கரின் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று போகாதீர்கள். ஒரே ஓவியத்தின் முன் இருபது நிமிடம் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் மனம் பொருள் தேடும், அடுத்த ஐந்து நிமிடம் அலுக்கும். அலுப்புக்குப் பிறகு வருவதற்காகத்தான் போகிறோம். சென்னைக்குச் செல்லும் வாய்ப்பிருந்தால் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலத்துக்கும் போய்வரலாம். சிறுபத்திரிகைகளில் ஓவியர் ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவர் பிற்காலத்தில் தீட்டிய அரூப வண்ண ஓவியங்கள் ஓர் ஆச்சரியமாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாலை வழியே போனால், தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையிலும் இறங்கலாம். நான் சொல்வது அங்குள்ள கருந்தரைக்காக. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றால் போட்ட தரை என்று வழிகாட்டி சொல்வார்; கேட்டவுடன் கூட்டம் 'ஓகோ' என்று அடுத்த அறைக்கு நகர்ந்துவிடும். நகராமல் பின்தங்கி நில்லுங்கள். அது ஒரே கறுப்பாக இராது. மரச்சட்டங்களின் வழியே விழும் வெளிச்சம் தரையில் சாம்பல் பட்டைகளாக நீள்வதும், பல தலைமுறைகளின் காலடி தேய்த்த இடம் மினுக்கம் கூடியோ குறைந்தோ தெரிவதும், நீங்கள் ஓரடி விலகினால் அவையெல்லாம் இடம் மாறுவதும் தெரியும்.

வீட்டில் செய்வதற்கு எளிய ஒரு முறை உண்டு. தடித்த வெள்ளை அட்டையொன்றின் நடுவே தீப்பெட்டி அளவுக்கு ஒரு துளை வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கைநீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளை வழியாகச் சுவரையோ வாழையிலையையோ வாளித் தண்ணீரையோ பாருங்கள். துளைக்குள் பொருளின் முழு உருவம் அடங்காததால் அதன் பெயரும் அடங்காது. நிறமும் விளிம்பும் மட்டுமே மிஞ்சும். சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவரில் விழுந்த நிழலை அட்டையின் வெண்மையோடு ஒப்பிட்டால், நிழல் கறுப்பல்ல, பல வேளைகளில் நீலம் என்பது விளங்கும்.

உங்கள் சுவரின் பாசிக்கு வருகிறேன். இரண்டு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில் அது ஒரே நிலையில் இருப்பதில்லை. ஆனி, ஆடி மழையில் ஓட்டுக்கூரையின் நீர் தெறிக்கும் உயரம் வரை கரும்பச்சையாக ஏறி, மேல் விளிம்பில் மட்டும் இளம்பச்சையாக மெலியும். பங்குனி வெயிலில் காய்ந்து கரும்பொருக்காகிவிடும். அடுத்த மழை பட்டதும் பொருக்கு மறுபடி பச்சையாகும். சுவரில் ஒரு முழ அகல இடத்தைத் தேர்ந்துகொண்டு, அட்டைத் துளை வழியாகத் தெரியும் எல்லைக்கோட்டை மட்டும் பென்சிலால் வரைந்து தேதியிட்டு வையுங்கள். படம் அழகாக வரவேண்டிய அவசியம் இல்லை. இரண்டு வாரத்துக்கொருமுறை அதே இடத்தில் நின்று அதையே செய்யுங்கள். இடையில் பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ வெள்ளையடிக்க ஆள் வந்தால், அந்த ஒரு முழ இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்கள் நண்பரிடம் விட்டுவிடலாம்.